கருமையும் எழிலும்: உன்னதப்பாட்டின் ஓர் இடைச்சொல்லும் அதன் உரைவரலாறும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு நூல்களுள் அளவாற் சிறியவற்றுள் ஒன்று உன்னதப்பாட்டு. எட்டு அதிகாரங்களில் 117 வசனங்களே கொண்ட இந்நூல் தன் அளவிற்கு மிஞ்சிய உரைகளைப் பெற்றுள்ளது. அதற்குக் காரணம் வெளிப்படை. மறைநூலெனப் போற்றப்படும் தொகையுள் இடம்பெற்றிருந்தும், இப்பாட்டு இறைவனைப் பற்றித் தெளிவாக ஒன்றும் கூறவில்லை. 8:6இல் ஒரு சொல்லின் ஈற்றில் இறைப்பெயர் மறைந்து நிற்கின்றதென்பர் சிலர், அவ்வளவே. ஒருவனும் ஒருத்தியும் நாடியும் இழந்தும் தேடியும் கண்டும் பேசும் பேச்சே நூல் முழுதும் நிறைந்துள்ளது. நம் இலக்கண மரபு பற்றிச் சொல்லின் இது முழுக்க அகம். அகப்பாட்டொன்று மறைநூலாதல் எங்ஙனம் என்னும் வினாவிற்கு யூதரும் கிறித்தவரும் ஈராயிரம் ஆண்டுகளாக விடை கூறி வருகின்றனர்.

அவ்விடைகள் அனைத்தையும் ஈண்டுத் தொகுத்துரைத்தல் இயலாது, வேண்டுவதுமன்று. முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் வரும் ஓர் இடைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, சமயவுரையும் வரலாற்றாராய்ச்சியும் அதனை எவ்வாறு கையாண்டன என்பதையும், தமிழ்மொழிபெயர்ப்புகள் அதனை எவ்வாறு பெயர்த்தன என்பதையும், தமிழ் அகமரபு அதன்மேல் எத்தகைய ஒளியை வீசுகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சிறிய சொல்லாயினும் அதனைச் சார்ந்து நிற்கும் பொருள் சிறிதன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் வானம்பார்த்த நிலத்தில், எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களைச் சூழ்ந்த புன்செய்களில் வெயிலில் நின்று களையெடுத்தும் பருத்தி பறித்தும் மேனி கறுக்கும் பெண்டிர், தம்மைப் பற்றி இம்மறைநூல் என்ன கூறுகின்றதெனக் கேட்பாராயின், விடை அவ்விடைச்சொல்லின் பொருளைப் பொறுத்தது.

தலைவி எருசலேம் நகரத்து மகளிரை விளித்துத் தன் நிறத்தையும் தன் அழகையும் ஒருங்கே கூறும் இடம் அது. எபிரேய மூலத்தில் மூன்றே சொற்கள். முதலாவது ‘ஷெஹோரா’, கரியவள் என்பது, இரண்டாவது தன்மைப்பெயர், மூன்றாவது ‘நாவா’, எழிலுடையவள் என்பது. இம்மூன்றாம் சொல்லின் முன்னே ‘வாவ்’ என்னும் ஓரெழுத்து இடைச்சொல் ஒட்டி நிற்கின்றது. எபிரேயத்தில் மிகப் பயின்று வரும் இடைச்சொல் இதுவே. எண்ணுப்பொருளில் வருதல் இதன் பெருவழக்கு. இடம் நோக்கி எதிர்மறைப் பொருளையும் இது தரும். எனவே, ‘கரியேன், எழிலும் உடையேன்’ என்றும் கொள்ளலாம். ‘கரியேன், ஆயினும் எழிலுடையேன்’ என்றும் கொள்ளலாம். சொல் இரண்டிற்கும் இடந்தருகின்றது. எதனைக் கொள்வதென்பதை உரைகாரர் தம் உள்ளத்திலிருந்தே எடுத்து வைக்கவேண்டியுள்ளது. உரையின் வரலாறு இங்கே தொடங்குகின்றது.

கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பு எண்ணுப்பொருளைக் கொண்டது. அங்கு ‘காய்’ என்னும் இடைச்சொல்லே உள்ளது. அதற்கு ‘உம்’ என்பதே நேர்பொருள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எரோனிமுவால் எபிரேய மூலத்தினின்று இலத்தீனில் ஆக்கப்பெற்ற பெயர்ப்பு ‘செத்’ என்று மாற்றியது. ‘ஆனால்’ என்பது அதன் பொருள். மேலைக் கிறித்தவ உலகம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் படித்ததும் பாடியதும் இவ்விலத்தீனையே. 1611இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பும் ‘ஆனால்’ என்றே எழுதியது. 1952இல் வந்த திருத்தமும் அதனை மாற்றவில்லை. 1989இல் வெளிவந்த புதிய திருத்தப் பெயர்ப்பிலேதான் ‘உம்’ மீண்டும் வந்து சேர்ந்தது.

இதனைக் கொண்டு, ‘ஆனால்’ என்பது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த பிழையென்று கூறிவிட்டால் ஆராய்ச்சி எளிதில் முடிந்துவிடும். உண்மை அத்துணை எளிதன்று. ‘உம்’ என்று படித்தவர்களும் கருமையை இழிவாகவே பொருள் கொண்டனர் என்பதை ஒரிகனின் உரை காட்டுகின்றது.

அலெக்சாந்திரியாவில் பிறந்து வளர்ந்த ஒரிகன் ஏறத்தாழ 240ஆம் ஆண்டளவில் உன்னதப்பாட்டிற்குப் பேருரை வகுத்தார். கிரேக்க மூலம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. ரூபினு என்பார் இலத்தீனில் பெயர்த்த முற்பகுதியே நமக்குக் கிடைத்துள்ளது. தலைவி திருச்சபை அல்லது தனியுயிர், தலைவன் கிறித்து என்பது அவர் கோட்பாடு. கருமை என்பது புறச்சமயத்தாராக இருந்து வந்த மக்களின் இழிந்த பிறப்பைக் குறிக்கும். எழில் என்பது மனந்திரும்புதலால் வந்தது. எருசலேம் மகளிர் என்போர் உயர்ந்த குடிவழி பேசிப் பிறரைப் பழிப்போர். இவ்விடத்தில் ஒரிகன், மோசே மணந்த எத்தியோப்பியப் பெண்ணை நினைவூட்டுகின்றார். சாலமோனைக் காணவந்த தென்னாட்டு அரசியையும் நினைவூட்டுகின்றார். பழிக்கப்பட்டோர் பக்கம் நின்று பேசும் இவ்வுரையின் பரிவு பாராட்டத்தக்கதே. ஆயினும் அப்பரிவிற்கும் ஓர் எல்லையுண்டு. கரியவள் கரியவளாகவே இருந்துவிடலாகாது, அவள் வெளுக்கவேண்டும். எட்டாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் எழுபதின்மர் பெயர்ப்பு, ஏறி வரும் பெண்ணை ‘வெண்மையாக்கப்பட்டவள்’ என்கின்றது. எபிரேயத்தில் அச்சொல் இல்லை. ஒரிகனுக்கோ அது கருமையில் தொடங்கிய வழியின் முடிவாக அமைந்துவிட்டது. எத்தியோப்பியப் பெண்ணைப் பழித்த மிரியாமே தொழுநோயால் பனிபோல் வெளுத்தாள் என எண்ணாகமம் (12:10) கூறுவதை இவ்வுரையோடு சேர்த்துப் படிப்போர்க்கு, வெண்மையைத் தூய்மையாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாடு புலனாகும்.

யூதர் உரையும் இவ்வகையில் வேறன்று. அரமேய மொழியிலமைந்த தர்கும், இசரவேலர் பொற்கன்றை வணங்கியபோது அவர் முகம் கறுத்ததென்றும், மனந்திரும்பியபோது ஒளிபெற்றதென்றும் கூறும். காதலர் இருவர் இறைவனும் இசரவேலும் ஆயினர். கருமை பாவம் ஆயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இபின் எஸ்ரா ஒருவரே முறையால் வேறுபட்டவர். அவர் இந்நூலுக்கு மும்முறை உரை வகுத்தார்: முதலில் சொற்பொருள், பின்னர்க் காதலர் கதையாகிய வெளிப்பொருள், அதன்பின் உட்பொருள். பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என அடுக்கிப் பழகிய நமக்கு இம்முறை அயலாகத் தோன்றாது. வெளிப்பொருளை அழித்துவிட்டு உட்பொருளை நிறுவாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அவர் நேர்மை போற்றற்குரியது.

இடைக்காலத்துக் கிளர்வோ பெர்னார்டு 1135 முதல் 1153இல் இறக்கும்வரை இப்பாட்டின்மேல் 86 சொற்பொழிவுகள் ஆற்றியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. கருமை பற்றிய சொற்பொழிவொன்றில் அவர் வியப்பான ஓரிடத்தைத் தொடுகின்றார். கரியதெல்லாம் அழகற்றதாகாது, கண்ணின் பாவை கரியது, அணிகளில் பதித்த சிறு கற்களுள் கரியன உண்டு, கருங்கூந்தல் முகத்திற்கு அழகு சேர்க்கின்றது என்கின்றார். ‘ஆனால்’ என்று தம் கைநூல் கூறியபோதும், பொருளின் இயல்பை நோக்கி அவர் உள்ளம் ஒருகணம் ‘உம்’மின் பக்கம் சாய்ந்தது போலும். கண்ணின் பாவையை எடுத்துக்காட்டியவர் கருமேகத்தையும் கண்டிருப்பின் நம் ஆழ்வார்களுக்கு மிக அணுகியிருப்பார்.

பதினெட்டாம் நூற்றாண்டிற்குப் பின் காற்று திசை மாறிற்று. 1778இல் செருமானிய அறிஞர் ஹெர்டர் இந்நூலைக் கீழைநாட்டுக் காதற்பாடல்களின் தொகுப்பென வெளியிட்டார். 1873இல் தமசுகு நகரில் தூதராக இருந்த வெட்சுடைன், சிரிய நாட்டு உழவர் திருமணங்களில் மணமக்களின் உறுப்புநலம் பாராட்டிப் பாடும் பாடல்களை ஒப்பிட்டுக் காட்டினார். எகிப்தியக் காதற்பாடல்களோடு வைத்து ஒப்பிட்ட மைக்கேல் பாக்சின் நூல் 1985இல் வந்தது. மார்வின் போப்பின் பெருந்தொகுப்பு அதற்கு முன்னரே, 1977இல், வெளிவந்திருந்தது. இவ்வாராய்ச்சிகளின் பயன் பெரிது. ‘கரியேன்’ என்ற பெண் திருச்சபையும் அல்லள், பொற்கன்றை வணங்கிய மக்களும் அல்லள். வெயிலில் வேலை செய்தவள். அடுத்த வசனமே காரணம் கூறுகின்றது: உடன்பிறந்தார் அவள்மீது சினந்து, அவளைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் காவல் வைத்தனர், ஞாயிறு அவள் மேனியைத் தீய்த்தது, நிழலில் வாழும் நகரத்து மகளிர் அவளை உற்றுநோக்குகின்றனர், அவ்வாறு நோக்காதீர் என்கின்றாள். உரைகாரர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக விண்ணுலகில் நிறுத்தியிருந்த பெண்ணைத் தோட்டத்து வரப்பில் இறக்கிவிட்டது வரலாற்றாராய்ச்சி.

உவமைகளையும் அது துருவிற்று. தலைவி தன்னைக் கேதாரின் கூடாரங்களுக்கும் சாலமோனின் திரைகளுக்கும் ஒப்பிடுகின்றாள். கேதார் என்போர் அராபியப் பாலையின் மேய்ச்சற் குடியினர். அவர்தம் கூடாரங்கள் வெள்ளாட்டு மயிரால் நெய்யப்பட்டவை ஆதலின் கரியவை. கருமைக்குக் கூடாரமும் எழிலுக்குத் திரையும் முறையே சென்று பொருந்துவதாகக் கொள்வது பழைய வழக்கு. நம்மவர் இதனை முறை நிரல்நிறை என்பர். ஆனால் வெல்லௌசன் என்னும் செருமானிய அறிஞர், சாலமோன் என்னும் பெயரின் மெய்களை அவ்வாறே வைத்துச் ‘சல்மா’ எனப் படித்து, அதுவும் ஓர் அராபியக் குடியின் பெயரே என்றார். அப்பாடம் கொள்ளப்படின் நிரல்நிறை வீழும். இரண்டு உவமையும் கரியனவாகவே நின்று, இரண்டும் அழகிற்கும் உவமையாகும். கருமை ஒருபுறம், எழில் மறுபுறம் எனப் பிரிக்கும் வேலியும் உடன் வீழும். இத்திருத்தத்தை எல்லாரும் ஏற்றிலர். ஏற்கவேண்டிய கட்டாயமும் இல்லை. நூலினுள்ளேயே வேறொரு சான்றுண்டு. ஐந்தாம் அதிகாரத்தில் தலைவி தலைவனைப் பாராட்டும்போது அவன் கூந்தல் காக்கை நிறத்தது என்கின்றாள். அங்கு வரும் சொல்லும் ‘ஷெஹோரா’வின் இனமே. அதே இடத்தில் அவனை வெண்மையும் செம்மையும் உடையவனென்று கூறுவதையும் மறைத்தலாகாது. ஆகவே இப்பாட்டு கருமையை மட்டும் போற்றும் நூலென்று நாட்ட முயல்வதும் பொருந்தாது. கருமை இதில் இழிவின் பெயரன்று என்பதே நிறுவத்தக்கது.

இனி, வரலாற்றாராய்ச்சி தோட்டத்தில் இறக்கிவிட்ட பெண்ணை மறைநூலுள் வைத்திருப்பது ஏன் என்னும் பழைய வினா மீண்டும் எழுகின்றது. வெறும் காதற்பாட்டாயின், யூதரும் கிறித்தவரும் அதனை வழிபாட்டில் ஓதுவதன் பொருள் யாது? வரலாற்றாராய்ச்சி இவ்வினாவைத் தன் எல்லைக்குப் புறம்பானதென ஒதுக்கிற்று. ஒதுக்கியதில் அதன் நேர்மையும் உண்டு, குறையும் உண்டு. 1919இல் காரல் பார்த் எழுதிய உரோமையர் மடலுரை, ஆராய்ச்சியாளர் நிறுத்திய இடத்திலிருந்தே உரைகாரரின் பணி தொடங்குகின்றதென முழங்கியது. பிற்காலத்தில் அவரே உன்னதப்பாட்டைத் தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தோடு இணைத்து, ஆணும் பெண்ணும் ஒருவர்க்கொருவர் துணையாகப் படைக்கப்பெற்ற மகிழ்ச்சியின் பாட்டெனக் கொண்டார். யேல் பல்கலைக்கழகத்துப் பிரவார்டு சைல்ட்சு 1979இல், நூல் எவ்வாறு தோன்றிற்று என்பதோடு, எவ்வடிவில் மறைநூலாக ஏற்கப்பட்டது என்பதையும் உரை கருதவேண்டுமென வாதிட்டார். 2005இல் இத்துறைக்கென ஓர் அகராதியும், 2007இல் ஓர் ஆய்விதழும் தோன்றின. அதே 2005இல் இராபர்ட்டு சென்சன் உன்னதப்பாட்டிற்கு எழுதிய உரை, ஒரிகனின் வழியை வெட்கமின்றி மீண்டும் மேற்கொண்டது. மேலைநாட்டு விவிலிய ஆராய்ச்சியில் இறையியல் விளக்கம் என இன்று வழங்குவது இம்மீட்சியே.

இம்மீட்சி தமிழ் மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. நம் உரைமரபு இவ்விரு வழிகளையும் ஒருங்கே வளர்த்தது. மணிவாசகரின் திருக்கோவையார் நானூறு பாட்டிற்கும் உரை கண்ட பேராசிரியர், துறையையும் சொல்லையும் விட்டு எளிதில் அகலார். நம்மாழ்வார் தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று பாடிய பதிகங்களுக்கு வைணவ ஆசிரியர்கள் வகுத்த உரைகளோ, அகத்துறையின் வெளிப்பொருளை முதலில் சுவைத்துக் கூறிப் பின்னரே உள்ளுறையான ஸ்வாபதேசத்தை உரைக்கும். தாய், தோழி, மகள் என்னும் மூவர் பேச்சையும் ஓருயிரின் மூன்று நிலைகளாக அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசாரிய இருதயம் வகைப்படுத்துவது தனியாக ஆராயத்தக்கது. ஒன்றை மட்டும் ஈண்டுச் சுட்டுவோம். வெளிப்பொருளில் அழகென நின்ற ஒன்றை உள்ளுறையில் இழிவாக்குதல் இம்மரபில் காணற்கரிது. தலைவியின் மாந்தளிர் மேனி உட்பொருளிலும் உயிரின் நலமாகவே நிற்கும். ஒரிகனின் உரையில் நேர்ந்த இடறல் இங்கு நேராமைக்குக் காரணம் உரைகாரர்களின் திறம் மட்டுமன்று; அவர்தம் கைக்கு வந்த அகமரபு கருமையைப் பழித்ததில்லை.

சங்கப் பாக்களில் தலைவியின் இயற்கை நிறம் ‘மாமை’ எனப்படும். மாந்தளிர் நிறமென்பர் உரையாசிரியர். மா என்னும் உரிச்சொல் கருமைப்பொருளும் உடையது. ‘மாயோள்’ என்று தலைவி புகழப்படுதலும் உண்டு. இம்மாமை கெடுவது எப்போது? தலைவன் பிரிந்தபோது. அப்போது மேனியில் ஊர்வது பசலை. அது பொன்னிறமாய், வெளிறியதாய் வருணிக்கப்படும். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுதும் இப்பசப்பைப் பற்றியதே. ஆகவே அகமரபில் கருமை நலம், வெளிறல் நோய். தலைவன் வந்தடைந்தால் பசலை நீங்கி மாமை மீளும். ஒரிகனின் தலைவி கருமையிலிருந்து வெண்மைக்குச் செல்கின்றாள். சங்கத் தலைவி வெளிறலிலிருந்து மாமைக்கு மீள்கின்றாள். இரண்டும் பிரிவிலிருந்து கூடலுக்குச் செல்லும் வழிகளே. நிறங்கள் மட்டும் எதிரெதிராக மாறி நிற்கின்றன. கடவுள் நிறத்திலும் இதுவே. மாயோன் என்னும் பெயரே கருமையின் பெயர். முல்லை நிலத்தின் தெய்வமாகத் தொல்காப்பியம் அவனை வைத்தது. மணமக்களைத் தேடும் விளம்பரங்களில் சிவந்த நிறம் கேட்கும் இக்காலத்தார், தம் முன்னோர் எதனை நோயென்றனர் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.

உன்னதப்பாட்டையும் சங்க அகப்பாட்டையும் ஒப்பிட்டு நோக்கும் முயற்சி புதியதன்று. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து மொழியறிஞர் கெய்ம் இராபின் 1973இல் ஒரு கட்டுரையில், பெண்ணே மிகுதியும் பேசுதல், இயற்கைப் பொருள்கள் உள்ளத்து உணர்வோடு இணைதல், கூடலினும் ஏக்கம் மிகுதல் ஆகியவற்றைக் காட்டி, சாலமோன் காலத்து வாணிகத்தின் வழியே தமிழ்ப்பாட்டின் தாக்கம் அங்குச் சென்றிருக்கலாமென்றார். தமிழர்க்கு இனிக்கும் கருத்து. ஆயினும் இனிப்பது கொண்டே ஏற்றல் முறையன்று. சாலமோன் காலம் கி.மு. பத்தாம் நூற்றாண்டு, கிடைத்துள்ள சங்கப் பாக்களின் காலத்தைப் பெரும்பாலார் கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் வைப்பர். இடைப்பட்ட நெடுங்காலத்தை வெறும் ஒப்புமை கொண்டு நிரப்புதல் அரிது. 1988இல் உரோமாபுரியில் வெளிவந்த ஆபிரகாம் மரியசெல்வத்தின் நூல், இரு இலக்கியங்களையும் விரிவாக ஒப்பிட்டு, இவ்வாராய்ச்சியை விவிலியப் புலமைத் துறையின் நடுவே கொணர்ந்து வைத்தது. நம் கருத்து இது: கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்ததோ இல்லையோ, அகமரபு உன்னதப்பாட்டைப் படிப்பதற்குத் தக்க கண்ணாடியாகின்றது. தன்னையர் சினத்திற்கு அஞ்சும் பெண், காவல் வைக்கப்பட்ட தோட்டம், காத்தும் காக்கப்படாத தன் சொந்தத் தோட்டம் என்பனவற்றைக் கேட்ட அளவில், தினைப்புனம் காக்கும் குறிஞ்சித் தலைவியையும் களவொழுக்கத்தையும் நினையாத தமிழ்மாணவர் இலர். தோட்டம் இரண்டிற்கும் வேறு வேறு பொருள் என்பதை அவர்க்கு யாரும் கற்பிக்கவேண்டுவதில்லை. உள்ளுறை உவமம் அறிந்தவர் தாமே அறிவர். நண்பகலில் மந்தையை எங்கு மடக்குவாய் எனத் தலைவி தலைவனை வினவும் அடுத்த வசனம், கிடைபோட்டு ஆடு வளர்க்கும் இராமநாதபுர, அருப்புக்கோட்டைச் சீமைகளின் மக்களுக்கு உரையின்றியே விளங்கும்.

தமிழ்மொழிபெயர்ப்புகளுக்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிற் கொணர்ந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே பெயர்த்து 1719இல் மறைந்தார். எஞ்சியதை சூல்ச்சு முடித்து 1728இல் நிறைவுறுத்தினார். உன்னதப்பாட்டு தமிழுக்கு வந்தது இந்நிறைவுப் பகுதியில்தான். பின்னர்ப் பப்ரிசியு, இரேனியு, ஆறுமுக நாவலரின் துணையோடு 1850ஆம் ஆண்டுப் பெயர்ப்பை உருவாக்கிய பெர்சிவல் ஆகியோர் உழைப்பிற்குப் பின், போவர் தலைமையில் 1871இல் வெளிவந்த ஐக்கியப் பெயர்ப்பே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பொதுநூலாயிற்று. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிசன் மண்டபசாலையிலும் அருப்புக்கோட்டையிலும் நிலைகொண்டு நடத்திய பள்ளிகளும் சபைகளும் இப்பெயர்ப்பையே படித்தன. இதில் நம் வசனம் ‘கறுப்பாயிருந்தாலும்’ என நிற்கின்றது. 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் இந்நூலுக்கு இனிமைமிகு பாடல் எனப் பெயரிட்டு, பேசுவோரைத் தலைவன், தலைவி எனக் குறித்து, அகமரபின் வாயிலை அகலத் திறந்தது. அங்கும் ‘கறுப்பாய் இருப்பினும்’ என்றே உள்ளது. வாயில் திறந்தவர்கள் மாமை உள்ளே வருவதற்கு இடம்விடவில்லை. சொல்தேர்வும் நோக்கத்தக்கது. கறுப்பு என்னும் சொல் நிறத்தோடு வெகுளியையும் குறிக்குமெனத் தொல்காப்பியர் உரியியலில் கூறியுள்ளார். மா, கார், கருமை என்பன அவ்வாறு கூறப்படாதவை.

‘இருந்தாலும்’, ‘இருப்பினும்’ என்னும் பெயர்ப்புகளைப் பிழையெனல் ஆகாது என முன்னரே கண்டோம். நகர மகளிரின் பார்வை அடுத்த வசனத்தில் குறிக்கப்படுதலின், எதிர்மறைப் பொருளுக்கு இடமுண்டு. ஆயின் அவ்வெதிர்மறை யாருடையது? பழிக்கும் மகளிருடையது, தலைவியினுடையதன்று. ‘ஆனாலும்’ என்பதைத் தலைவியின் வாயில் வைத்தவுடன், அவள் தன் நிறத்தைத் தானே குறையென ஒப்புக்கொண்டு விலக்குக் கேட்பவளாகின்றாள். மூலத்தின் இடைச்சொல்லோ அவ்வொப்புதலை அவளிடம் வற்புறுத்திப் பெறவில்லை.

தமிழில் இவ்விடரைத் தீர்க்க வழியுண்டா எனின், உண்டு. எபிரேய வாவ் போலப் பல பொருள் தாங்கும் இடைச்சொல் நம்மிடம் உள்ளது. எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என உம்மை எட்டுப்பொருளில் வருமெனத் தொல்காப்பிய இடையியல் வகுத்தது. எண்ணும் எதிர்மறையும் ஒரே சொல்லில் அடங்குதல் இரு மொழிக்கும் பொது. ‘கருமையும் எழிலும் உடையேன்’ எனப் பெயர்ப்பின் எண்ணும்மை தெளிவாக நிற்கும். உம்மையையும் நீக்கிக் ‘கரியேன், எழிலேன்’ என வாளா நிறுத்தின், படிப்பவரே தம் உள்ளத்து இடைச்சொல்லை இட்டுக்கொள்வர். இட்டபின் அது தம்முடையது என்பதையும் உணர்வர். முன்னதையே யான் விரும்புவேன். பின்னது செறிவுடையதாயினும் சபையில் ஓதுவதற்கு எளிதன்று.

இதனால் சமயவுரை வேண்டாமென்பது கருத்தாகாது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்து நிர்மல் ஆற்றிய உரை, ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றை வைத்தே மறைநூலைப் படிக்கும் உரிமையை நிலைநாட்டிற்று. 1987இல் சென்னைக் குருகுலம் இத்துறைக்குத் தனிப்பிரிவு கண்டது. அவ்வழியில் நோக்குவார்க்கு, தோட்டத்தில் வெயில் காய்ந்த பெண்ணும் அவளை உற்றுநோக்கும் நகரத்தாரும் மறைபொருளின்றியே மறையாகின்றனர். இவ்வுரையும் இறையியல் விளக்கமே. வேறுபாடு என்னையெனின், ஒரிகன் சொல்லின்மேல் ஏறிச் சொல்லைக் கடந்தார். இது சொல்லின் இலக்கணத்தோடு ஒட்டி நிற்கின்றது. எண்ணுப்பொருள் வாவின் பெருவழக்கென்பதும், கருங்கூந்தல் பாராட்டப்படும் இடமும் இதற்குச் சான்றாகின்றன. சமயவுரை ஒவ்வொன்றையும் இவ்வாறு சொல்லிடத்தே கொண்டுவந்து நிறுத்தி வினவுதல் தமிழ்த்துறையார் செய்யக்கூடிய பணி. எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர் அதனில் உடன்வரின் பயன் பெருகும்.

எட்டாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தைப் பற்றி ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. அங்குத் தலைவி தலைவன்மேல் சாய்ந்தவளாய் ‘மித்பார்’ என்னுமிடத்திலிருந்து ஏறி வருகின்றாள். கிரேக்கம் சேர்த்த வெண்மையைத் தமிழ் ஐக்கியப் பெயர்ப்பு ஏற்கவில்லை, எபிரேயத்தைப் பின்பற்றிற்று. ஆனால் மித்பாரை ‘வனாந்தரம்’ என்றது. எபிரேயத்தில் அச்சொல் அடர்ந்த காட்டைக் குறிப்பதன்று. உழவிற்கு ஆகாத, மழை பெய்தால் மட்டும் புல் முளைக்கும், ஆடு மேய்க்கும் வறண்ட வெளியைக் குறிப்பது. குண்டாற்றின் இருபுறமும், கண்மாய் வற்றிய கோடையில், எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழி வரை கிடக்கும் தரிசு அதற்கு மிக நெருங்கிய உருவம். முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என இளங்கோவடிகள் காட்டிய நிலமும் அதுவே. அந்நிலத்தில் அவனோடு உடன்போக்குச் சென்று மீளும் பெண்ணின் மேனி இன்னும் கறுத்தே இருக்கும்.